சேமித்து வைத்த லிங்க், தேடும்போது ஏன் கிடைப்பதில்லை?

கேள்வி: தென்காசி மாவட்டத்தில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் தமிழாசிரியையாக இருக்கிறேன். பகுதிநேரமாக முனைவர் பட்ட ஆய்வும் செய்கிறேன். தாலாட்டும் ஒப்பாரியும்தான் என் தலைப்பு. ஐந்தாறு வருடமாக இணையத்தில் கண்ணில் பட்டதையெல்லாம் சேர்த்து வைத்திருக்கிறேன். குரோமில் மட்டும் 2,300 புக்மார்க். வாட்ஸ்அப்பில் எனக்கு நானே அனுப்பிக்கொண்ட லிங்க்குகள் தனி. யூடியூபில் பிறகு பார்க்க வைத்தவை, பேஸ்புக்கில் சேமித்தவை, போன் கேலரியில் ஸ்கிரீன்ஷாட்டுகள் என்று எங்கெங்கோ கிடக்கின்றன. வேண்டிய நேரத்தில் ஒன்றும் கைக்கு வருவதில்லை. போன வாரம், எப்போதோ ஒரு வலைப்பதிவில் படித்த தாலாட்டு ஒன்றை இரண்டு மணி நேரம் தேடினேன். கடைசியில் லிங்க் கிடைத்தது, திறந்தால் பக்கமே இல்லை. அந்த லிங்க்கைக் கீழே கொடுத்திருக்கிறேன். எல்லாவற்றையும் ஒரே இடத்தில் ஒழுங்காக வைக்க எந்த ஆப் நல்லது?

பதில்: ஆப் பெயரைக் கடைசியில் சொல்கிறேன். உங்கள் கடிதத்தில் இரண்டு இழப்புகள் இருக்கின்றன. இரண்டு மணி நேரம் தேடியது ஒன்று. தேடிக் கிடைத்தபின் பக்கம் இல்லாமல் போனது இன்னொன்று. இரண்டுக்கும் காரணம் வேறு, மருந்தும் வேறு. கல்லூரி நூலகத்தில் இருபது ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்துவிட்டேன். ஆய்வு மாணவர்கள் என்னிடம் வந்து வருத்தப்படுவதும் பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றைச் சொல்லித்தான்.

இரண்டாவதை முதலில் பார்ப்போம், அதுதான் திரும்பி வராத இழப்பு. புக்மார்க் என்பது ஒரு முகவரி, அவ்வளவுதான். உறவினர் வீட்டு விலாசத்தை டைரியில் எழுதி வைத்தால் அவர் வீடு மாறாமல் இருந்துவிடுவாரா? அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் 2024-ல் வெளியிட்ட கணக்குப்படி, 2013-ல் இருந்த இணையப் பக்கங்களில் 38 சதவீதம் பத்தே ஆண்டுகளில் காணாமல் போய்விட்டன. நாளிதழ்கள் தளத்தைப் புதுப்பிக்கும்போது பழைய செய்திகளின் முகவரி மாறிவிடும். சொந்த டொமைன் வாங்கி எழுதியவர் ஒரு வருடம் பணம் கட்டத் தவறினால் தளமே போய்விடும். ஆரம்ப காலத் தமிழ்ப் பக்கங்கள் பல ஜியோசிட்டீஸ் என்ற இலவசத் தளத்தில் இருந்தன. 2009 அக்டோபரில் யாகூ அதை மூடியது.

லிங்க்குகளைச் சேமித்துத் தரும் சேவைகளுக்கும் இதே ஆயுள்தான். புக்மார்க்குகளுக்கு டேக் (அடையாளச் சொல்) போடும் பழக்கத்தை உலகத்துக்குப் பரப்பிய டெலிஷியஸ் 2003-ல் வந்தது. 2005-ல் யாகூ வாங்கியது, பிறகு கை மாறிக் கை மாறி, 2017-ல் புதிதாக எதுவும் சேர்க்க முடியாத நிலைக்கு வந்து நின்றது. வலைப்பதிவுகளைத் தொடர்ந்து படிக்க உதவிய கூகுள் ரீடர் 2013 ஜூலையில் போனது, கூகுள் புக்மார்க்ஸ் 2021 செப்டம்பரில். லட்சக்கணக்கானோர் நம்பியிருந்த பாக்கெட் 2025 ஜூலை 8-ஆம் தேதி நிறுத்தப்பட்டது. ஆகவே எந்த ஆப்பைப் பார்த்தாலும் என் முதல் கேள்வி, நாம் போட்டதை நாளைக்கே மொத்தமாக வெளியே எடுக்க முடியுமா என்பதுதான். முடியாதென்றால் மற்ற வசதிகளைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

இப்போது அந்த இரண்டு மணி நேரத்துக்கு வருகிறேன். உங்கள் புக்மார்க் பட்டியலைத் திறந்து பெயர்களை மட்டும் வரிசையாகப் படித்துப் பாருங்கள். ‘முகப்பு’, ‘ஹோம்’, ‘ஜூன் மாதப் பதிவுகள்’, ‘பைனல் 2’ என்று இருக்கும். இவையெல்லாம் அந்தத் தளத்துக்காரர் வைத்த பெயர்கள், நீங்கள் வைத்தவை அல்ல. நீங்கள் தேடும்போது மனதில் இருப்பது ‘தாய்மாமன் வெள்ளிச் சங்கு கொண்டுவருகிற பாட்டு’. அந்தச் சொற்கள் பட்டியலில் எங்கும் இல்லாதபோது எந்தத் தேடுபொறியாலும் கொண்டுவந்து தர முடியாது.

நான் ஒவ்வொருவரிடமும் வற்புறுத்துவது இதைத்தான். கணினியில் கன்ட்ரோலும் டி-யும் சேர்த்து அழுத்தினால் சிறு பெட்டி வரும். அதில் பெயர் என்ற கட்டம் இருக்கும். உடனே ‘சரி’ கொடுத்துவிடாதீர்கள். பத்து நொடி நின்று, அந்தப் பெயரை அழித்துவிட்டு உங்கள் வார்த்தையில் எழுதுங்கள்: ‘தாலாட்டு, நெல்லை, தாய்மாமன் சீர், வெள்ளிச் சங்கு, இரண்டாம் இயலுக்கு’. கடைசிச் சொல்தான் முக்கியம். எதற்காக எடுத்தோம் என்பது ஆறு மாதத்தில் மறந்துவிடும். பக்கத்தைத் திறந்தால் அதில் என்ன இருக்கிறது என்று தெரிந்துவிடும். நாம் ஏன் அதை வைத்தோம் என்பது மட்டும் வேறு எங்கும் எழுதியிருக்காது.

அந்தப் பெயரில் எதையெல்லாம் சேர்ப்பது என்பதற்கு நம் ஊர்க்காரர் ஒருவர் ஏற்கெனவே வழி காட்டியிருக்கிறார். சீர்காழியில் 1892-ல் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் கணித ஆசிரியராக இருந்தவர். 1924-ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகத்துக்குப் பொறுப்பேற்றார். அதுவரை ஒரு நூலுக்கு ஒரு பொருள், ஒரு பொருளுக்கு ஓர் எண், அந்த எண்ணுக்கு ஓர் அலமாரித் தட்டு என்ற முறைதான் பரவலாக இருந்தது. ரங்கநாதன் ஒரு நூலின் பொருளையே பகுதி பகுதியாகப் பிரித்துப் பார்த்தார். எதைப் பற்றியது, எந்தக் கூறு, என்ன செயல், எந்த இடம், எந்தக் காலம். இவற்றுக்குத் தனித்தனிக் குறி கொடுத்து, இடையில் முக்காற்புள்ளி வைத்துக் கோத்தார். லண்டனில் ஒரு கடையில் மெக்கானோ பொம்மையைப் பார்த்தபோது இந்த யோசனை பிறந்ததாக அவரே சொல்லியிருக்கிறார். அதே துண்டுகள், அதே திருகாணிகள், கோக்கும் விதத்தில் வேறு வேறு உருவம். 1933-ல் அது கோலன் பகுப்புமுறையாக அச்சில் வந்தது.

ஃபோல்டர் என்பது பழைய அலமாரித் தட்டு. தாய்மாமன் சீர் வரும் நெல்லைத் தாலாட்டு ஒன்று, ஒலிப்பதிவோடு கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ‘தாலாட்டு’ ஃபோல்டரில் போடுவதா, ‘நெல்லை’ ஃபோல்டரிலா, ‘உறவுமுறை’யிலா, ‘ஒலிப்பதிவுகள்’ என்பதிலா? அன்றைய மனநிலைக்கு ஏற்றபடி எதிலோ போடுவீர்கள். தேடும் நாளில் மனநிலை வேறாக இருக்கும். டேக் என்பது ரங்கநாதன் சொன்ன துண்டுகள். நான்கையும் ஒரே லிங்க்கில் ஒட்டிவிடலாம், எந்தப் பக்கமாக வந்தாலும் அகப்படும். அவருடைய ஐந்து விதிகளில் நான்காவது, வாசகரின் நேரத்தைச் சேமி என்பது. இங்கே அந்த வாசகர் ஒரு வருடம் கழித்து வரப்போகும் நீங்களேதான்.

ஃபயர்பாக்ஸில் புக்மார்க் பெட்டியிலேயே டேக் எழுதும் கட்டம் உண்டு, காற்புள்ளி இட்டு எத்தனை வேண்டுமானாலும் எழுதலாம். முகவரிப் பட்டையில் நட்சத்திரக் குறி போட்டு, ஓர் இடைவெளி விட்டு எழுதினால் புக்மார்க்குகளுக்குள் மட்டும் தேடும். குரோமில் டேக் கிடையாது. அதனால்தான் பெயர் கட்டத்திலேயே எல்லாவற்றையும் எழுதச் சொன்னேன். குரோமில் கன்ட்ரோல், ஷிப்ட், ஓ மூன்றையும் சேர்த்து அழுத்தினால் புக்மார்க் மேலாளர் திறக்கும். அங்கே மேலே உள்ள தேடல் கட்டம் போதும். ஃபோல்டர்கள் வேண்டாம் என்று சொல்லவில்லை. பள்ளி, ஆய்வு, வீடு, அரசு மற்றும் வங்கி என்று நான்கோடு நிறுத்திக்கொள்ளுங்கள், ஃபோல்டருக்குள் ஃபோல்டர் வேண்டாம். (வங்கி, அரசுத் தளங்களைக் கட்டாயம் புக்மார்க் செய்து அங்கிருந்தே திறங்கள். தேடுபொறியில் பெயரைப் போட்டுத் திறக்கும்போதுதான் போலித் தளங்களில் பலர் மாட்டுகிறார்கள்.)

தமிழில் டேக் போடுபவர்களுக்கு ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது, ஆங்கிலத்தில் எழுதப்படும் வழிகாட்டிகள் இதைச் சொல்வதில்லை. நம் சொற்கள் வேற்றுமை ஏற்றதும் உருமாறும். ‘தாலாட்டு’ என்று தேடினால் ‘தாலாட்டில்’ என்று எழுதி வைத்தது வராது. கடைசி உகரம் இகரமாகிவிட்டது, எந்திரத்துக்கு அது வேறு சொல். ஆகவே டேக் எப்போதும் எழுவாய் வடிவில், ஒருமையில் இருக்கட்டும். ‘தாலாட்டு’ என்றால் தாலாட்டு மட்டுமே, ‘தாலாட்டுகள்’ வேண்டாம், ‘தாலாட்டுப் பாடல்’ வேண்டாம். நெல்லையா திருநெல்வேலியா என்று ஒருமுறை முடிவு செய்யுங்கள். ஆங்கில எழுத்தில் தமிழை எழுதவே எழுதாதீர்கள், ‘தாலாட்டு’ என்ற சொல்லையே ஐந்து விதமாக எழுத்துக்கூட்ட முடியும். இருபத்தைந்து முப்பது டேக்குகளை ஒரு தாளில் எழுதி மேசைக்கு எதிரே ஒட்டி வையுங்கள். புதியது சேர்க்கத் தோன்றினால் முதலில் தாளைப் பாருங்கள்.

இன்னொன்று, யூனிகோடு பரவுவதற்கு முன் திஸ்கி போன்ற குறியாக்கங்களில் எழுதப்பட்ட பக்கங்கள் இன்னும் சில இருக்கின்றன. திறந்தால் புரியாத குறிகளாகத் தெரியும், யூனிகோடில் தட்டச்சு செய்து தேடினால் அகப்படாது. அப்படி ஒன்று கண்ணில் பட்டால், எழுத்துரு மாற்றியில் இட்டு யூனிகோடுக்கு மாற்றி, உரையையே சேமித்துவிடுங்கள்.

முகவரியைப் பற்றியும் ஒரு வார்த்தை. தமிழ்ச் சொல் உள்ள முகவரியைக் காப்பி செய்து வாட்ஸ்அப்பில் ஒட்டும்போது சதவீதக் குறிகளாக நீண்டு போவதைப் பார்த்திருப்பீர்கள். யூனிகோடில் ‘தாலாட்டு’ என்பது துணைக்கால், புள்ளி, உகரக் குறி எல்லாம் சேர்த்து எட்டுக் குறியீடுகள். ஒவ்வொன்றும் ஒன்பது எழுத்தாக விரிகிறது, ஆக அந்த ஒரு சொல்லுக்கே 72 எழுத்து. பார்க்கக் குப்பை போலத் தெரிகிறதென்று நடுவில் வெட்டிவிடாதீர்கள், ஓர் எழுத்துக் குறைந்தாலும் பக்கம் திறக்காது. வெட்டத் தகுந்தது ஒன்றுதான். முகவரியின் கடைசியில் கேள்விக்குறிக்குப் பின் யுடிஎம் (utm) என்றோ எஃப்பிகிளிட் (fbclid) என்றோ தொடங்கும் வால் இருந்தால் அது விளம்பரக் கண்காணிப்புக்காக ஒட்டப்பட்டது. அதை நீக்கினால் பக்கத்துக்கு ஒன்றும் ஆகாது.

பக்கத்தையே காப்பாற்றி வைப்பது எப்படி என்று பார்ப்போம். எல்லாவற்றுக்கும் செய்ய வேண்டாம், ஆய்வேட்டில் மேற்கோள் காட்டப்போகும் பக்கங்களுக்கு அவசியம் செய்யுங்கள். சான் பிரான்சிஸ்கோவில் இருக்கும் இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற லாபநோக்கற்ற அமைப்பு 1996 முதல் இணையப் பக்கங்களைப் படியெடுத்து வைக்கிறது. 2001-லிருந்து அவற்றை வேபேக் மெஷின் வழியாக யாரும் பார்க்கலாம். அதன் முகப்பில், இப்போதே இந்தப் பக்கத்தைச் சேமி என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதில் முகவரியை ஒட்டி அழுத்தினால் சற்று நேரத்தில் ஒரு புதிய முகவரி தரும். அதன் நடுவில் பதினான்கு இலக்கங்கள் தொடர்ந்து இருக்கும். ஆண்டு, மாதம், நாள், மணி, நிமிடம், நொடி என்று அந்தப் படி எடுக்கப்பட்ட நேரம் அது. அடிக்குறிப்பில் மூல முகவரியோடு இதையும் சேர்த்துக் கொடுங்கள். மூலப் பக்கம் போய்விட்டாலும் உங்கள் ஆதாரம் நிற்கும்.

லாகின் செய்து பார்க்கும் பக்கங்களை அது எடுக்காது. பேஸ்புக் பதிவுகளும் பெரும்பாலும் அப்படித்தான். எழுதியவர் பதிவை நண்பர்களுக்கு மட்டும் என்று மாற்றினாலே உங்கள் ‘சேமித்தவை’யில் இருந்து அது கைநழுவிவிடும். அதனால் பேஸ்புக்கில் நல்ல பாட்டு கண்டால் உரையை அன்றே காப்பி செய்து, எழுதியவர் பெயரும் தேதியும் சேர்த்துக் கோப்பில் வையுங்கள். அவருக்கு ஒரு செய்தி அனுப்பி அனுமதி கேட்டுவிடுவது இன்னும் நல்லது. நாட்டார் பாடல் சேகரிப்பவர்கள் பெரும்பாலும் மனமுவந்து தருவார்கள், யாரிடம் கேட்டு எழுதினார்கள் என்ற தகவலும் அதோடு கிடைக்கும். மற்றப் பக்கங்களுக்கு சிங்கிள்ஃபைல் என்ற நீட்சியை (எக்ஸ்டென்ஷன்) உலாவியில் சேர்த்துக்கொண்டால் படங்களோடு முழுப் பக்கத்தையும் ஒரே கோப்பாக உங்கள் கணினியில் இறக்கித் தரும். இது உங்கள் படிப்புக்கான படி. வேறு தளத்தில் ஏற்றவோ குழுக்களில் பரப்பவோ வேண்டாம், எழுதியவருக்கு உரிமை இருக்கிறது.

யூடியூபில் வீடியோ நீக்கப்பட்டால் பட்டியலில் அதன் தலைப்பும் சேர்ந்தே போய்விடும், எது போனது என்றுகூடத் தெரியாது. ஆகவே வீடியோவின் தலைப்பு, சேனல் பெயர், பாட்டு தொடங்கும் நிமிடம் மூன்றையும் எழுதி வையுங்கள். நாற்பது நிமிட வீடியோவில் 14:20-ல் வரும் ஒப்பாரியை மறுபடி தேடுவது எத்தனை சலிப்பு என்று உங்களுக்குத் தெரியும். முக்கியமானதைக் கேட்டு எழுத்தில் இறக்கிவிடுங்கள்.

வாட்ஸ்அப்பில் உங்களுக்கு நீங்களே அனுப்பிக்கொள்வது நல்ல பழக்கம்தான், நானும் செய்கிறேன். ஆனால் அது வாசலில் மாட்டிய தபால் பெட்டி. தபாலைப் பெட்டிக்குள்ளேயே விட்டுவிட்டால் போன் மாற்றும் நாளில் எல்லாம் போகலாம். ஞாயிற்றுக்கிழமை இருபது நிமிடம் ஒதுக்கி, அந்த வாரம் வந்தவற்றைத் திறந்து, வேண்டியதற்குப் பெயரிட்டு உள்ளே எடுத்துவிட்டு, மற்றதை அழியுங்கள். பழைய குவியலுக்கு, அந்த உரையாடலைத் திறந்து மெனுவில் எக்ஸ்போர்ட் சாட் என்பதை மீடியா இல்லாமல் கொடுத்து, உங்கள் மின்னஞ்சலுக்கு அனுப்பிக்கொள்ளுங்கள். எல்லா லிங்க்கும் தேதியோடு ஒரே உரைக்கோப்பாக வந்துவிடும்.

அந்த 2,300 புக்மார்க்குகளை உட்கார்ந்து வரிசைப்படுத்தப் போகிறீர்கள் என்றால் தயவுசெய்து வேண்டாம். கோடை விடுமுறை முழுவதும் போய்விடும், பாதி லிங்க்குகள் செத்திருக்கும். அத்தனையையும் ‘பழையவை’ என்று ஒரே ஃபோல்டரில் தள்ளிவிட்டு இன்றிலிருந்து புதிதாகத் தொடங்குங்கள். ஏதாவது தேடிப் பழையதிலிருந்து ஒன்றை எடுக்க நேரும்போது மட்டும் அதற்குப் பெயரிட்டு இந்தப் பக்கம் கொண்டுவாருங்கள். உண்மையில் தேவைப்படுபவை ஒரு வருடத்துக்குள் தாமாகவே வந்து சேர்ந்துவிடும்.

தள்ளுவதற்கு முன் ஒரு பேக்கப் எடுத்துவிடுங்கள். கணினியில் புக்மார்க் மேலாளரின் மூன்று புள்ளி மெனுவில் எக்ஸ்போர்ட் இருக்கிறது. ஒரு எச்டிஎம்எல் கோப்பு வரும். நெட்ஸ்கேப் உலாவி காலத்தில் உருவான அந்த வடிவத்தை இன்றைய உலாவிகளும் புக்மார்க் சேவைகளும் படிக்கின்றன. கணக்கில் சிங்க் ஆகிறதே, அது போதாதா என்று கேட்பீர்கள். சில ஆண்டுகளுக்கு முன் அலுவலகக் கணினியில் இடத்தை அடைக்கிறதென்று ஒரு ஃபோல்டரை அழித்தேன். மாலை வீட்டுக்கு வந்து பார்த்தால் அங்கும் இல்லை, போனிலும் இல்லை. சிங்க் தன் வேலையைச் சரியாகத்தான் செய்தது, ஓரிடத்தில் அழித்ததை எல்லா இடத்திலும் அழித்தது. சங்கச் செய்யுள் உரைகள் பற்றி நான்கு வருடமாகச் சேர்த்த லிங்க்குகள் அவை. அன்றிலிருந்து மாதத்தின் முதல் தேதி எக்ஸ்போர்ட் செய்து, கோப்பின் பெயரில் தேதியை எழுதி, மின்னஞ்சலில் ஒன்றும் பென்டிரைவில் ஒன்றுமாக வைக்கிறேன்.

இனி ஆப். ஆய்வுக்கு உங்களுக்கு வேண்டியது ஜோட்டிரோ. ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகத்தில் 2006-ல் உருவான, இலவசமான, திறந்த மூல மென்பொருள். உலாவியில் அதன் பொத்தானை அழுத்தினால் தலைப்பு, ஆசிரியர், தேதி, பக்கத்தின் படி எல்லாம் உள்ளே போய்விடும். டேக் போடலாம், குறிப்பு எழுதலாம், வேர்டில் அடிக்குறிப்பையும் நூற்பட்டியலையும் அதுவே அமைக்கும். இணையத்தில் 300 எம்பி வரை இலவசம், உங்கள் கணினிக்குள் வைப்பதற்கு அளவே இல்லை. ஒன்றை மட்டும் கவனியுங்கள். அது பெயரை முதற்பெயர், குடும்பப்பெயர் என்று இரண்டாகப் பிரிக்கும். பக்தவத்சல பாரதி என்பது நூற்பட்டியலில் ‘பாரதி, பக்தவத்சல’ என்று வந்து நிற்கும், வழிகாட்டி சிவப்பு மையால் சுழிப்பார். ஆசிரியர் பெயருக்குப் பக்கத்தில் ஒரு சிறு பொத்தான் இருக்கிறது, அழுத்தினால் இரண்டு கட்டமும் ஒன்றாகிவிடும். தமிழ்ப் பெயர்களுக்கு அதையே பயன்படுத்துங்கள்.

பள்ளி, வீடு மற்றும் போனில் பார்ப்பவற்றுக்கு உலாவியின் புக்மார்க்கே போதும் என்பது என் கருத்து. போனிலும் கணினியிலும் டேக்கோடு ஒன்றுபோல வேண்டுமென்றால் ரெயின்டிராப் என்ற புக்மார்க் சேவையைப் பாருங்கள். இலவசத் திட்டத்திலேயே லிங்க்குகளுக்கு எண்ணிக்கை வரம்பு இல்லை, எல்லாவற்றையும் வெளியே எடுக்கவும் முடிகிறது. சக ஆசிரியர்களோடு பகிர ஒரு கூகுள் ஷீட், நான்கு பத்தி: லிங்க், எதைப் பற்றியது, எந்த வகுப்புக்கு, சேர்த்த தேதி. இதற்குமேல் கருவி சேர்த்தால் கருவிகளைப் பராமரிப்பதிலேயே பொழுது போய்விடும்.

கடிதத்தின் கீழே நீங்கள் கொடுத்திருந்த லிங்க்கை வேபேக் மெஷினில் இட்டுப் பார்த்தேன். 2017-ல் எடுத்த படி ஒன்று இருக்கிறது. ஒலிப்பதிவு ஓடவில்லை, ஆனால் பாட்டின் வரிகள் முழுதாக உள்ளன. கீழே ஒருவர் தன் ஆச்சி பாடியதாக அதன் வேறு வடிவத்தையும் பின்னூட்டத்தில் எழுதியிருக்கிறார். பக்கத்தை ஒரே கோப்பாக இறக்கி உங்கள் மின்னஞ்சலுக்கு அனுப்பியிருக்கிறேன். பெயரிடவில்லை, அதை நீங்கள்தான் இட வேண்டும்.